பதினெட்டாவது சுற்று

"யோவ் ஆரின், போதும்னு சொல்லுய்யா! என் கை கழண்டுடும் போலிருக்கு" என்று சிடுசிடுத்தார் பக்கத்து ஊரிலிருந்து வாசிக்க வந்த பிடில்காரர் ஹாலிஸ்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் அது; அங்கே நடக்கும் வரிசை நடனத்தில், மேடையில் நின்று ஆடுபவர்களுக்கு அடுத்த அடியைக் கூவிச் சொல்லும் வேலையை ஆரின் இந்தக் குளிர்காலத்தில்தான் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஜோடிகள் ஓரிடம் நகர்ந்து, எதிரே வரும் புது ஜோடியோடு கைகோக்க வேண்டும். பன்னிரண்டு சுற்றில் நிறுத்துவது வழக்கம். இது பதினேழு.

"எண்ணத் தெரியாதவனுக்கு எதுக்குய்யா இந்த வேலை? கீழ போய் ஆடறதுதானே!"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, ஹாலிஸ்."

வரிசையின் இரு முனைகளில் ஆடத் தொடங்கிய ஒரு நரைத்த பெண்ணும் ஓர் இளம்பெண்ணும் பதினெட்டாவது சுற்றில் எதிரெதிரே வந்து, தயங்கி நின்றார்கள்.

"கையைப் பிடிங்க! சுத்துங்க!" ஆரின் மைக்கில் கூவினான்.

பிடித்துக்கொண்டார்கள். சுற்றி முடித்தும் விடவில்லை. ஆரின் இசையை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தான்.

"யாருய்யா அவங்க?"

"என்னை விட்டுப் போன பொண்டாட்டி. அது என் மக. ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசி நாலு வருஷமாச்சு."

"அட, நீயும் இறங்கிப் போய்யா!"

ஆரின் மேடையிலேயே நின்றான்.

"நான் வரிசையில நின்னா, ரெண்டு பேருமே ஆட வரமாட்டாங்க."