முப்பத்து மூன்று சில்லுகள்

"யார் எழுதினது? எழுந்து நில்லுங்க!"

கோமதி டீச்சரின் குரல் நடுங்கியது.

நாலாம் பாரம் வகுப்புப் பெண்கள் முப்பத்திரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேசைமேல் பானைச் சில்லுகள் குவிந்து கிடந்தன. ஒன்று மட்டும் தனியாக இருந்தது. அதில் அடுப்புக்கரியால் எழுதியிருந்த பெயர்: பேச்சித்தாய்.

கால் மணி நேரத்துக்கு முன்பு வரை அந்த வகுப்பு சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு, டீச்சரின் கதைக்கு. வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கென்று அவள் ஒரு கிரேக்க சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். ஏதென்ஸ் நகரத்துக் குயவன் மகள் மிர்ட்டோதான் கதாநாயகி. வாரம் ஓர் அத்தியாயத்தை வகுப்பில் வாசித்துக் காட்டுவாள். தென்காசிச் சாரல் ஜன்னலில் அடிக்க, பிள்ளைகள் ஏதென்ஸ் வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள்.

பேச்சித்தாய் மட்டும் ஏதாவது கேட்பாள். இலத்தூரில் பானை செய்கிறவர் மகள். போன வாரம், மிர்ட்டோ ஈரப்பானைகளை உச்சி வெயிலில் காயவைத்தாள் என்று டீச்சர் வாசித்தபோது, "வெடிச்சிருமே டீச்சர். பச்சைப் பானைய நெழல்லல்லா ஒணத்தணும்" என்றாள். வகுப்பே சிரித்தது. அந்த அத்தியாயத்தை டீச்சர் முந்தின நாள்தான் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தாள்.

இந்த வாரம், ஏதென்ஸ்காரர்கள் ஒருவனை ஊரைவிட்டு அனுப்பும் கட்டம். உடைந்த பானைச் சில்லில் ஆளுக்கொரு பெயர் கீறிப் போடுவார்கள். அதிகச் சில்லு விழுந்தவன் பத்து வருஷம் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது.

"பொம்பளைகளும் போடலாமா டீச்சர்?" என்றாள் பேச்சித்தாய்.

"கூடாது. ஆண்கள் மட்டுந்தான்."

"அப்பம் மிர்ட்டோவுக்குச் சில்லு பொறுக்கிக் குடுக்குத வேலைதானா?"

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் சிரிக்கவில்லை.

"சரி, நாமும் போட்டுப் பார்ப்போம்" என்றாள். "உங்களுக்கு வேண்டாத ஒண்ணு, எதுவானாலும் எழுதுங்க. உங்க பேரைப் போட வேண்டாம்."

"நீங்களும் போடணும் டீச்சர்!" என்று கத்தினாள் வகுப்புத் தலைவி சுகிர்தம்.

"போடுறேன்."

எழுதிக் காட்டுவதற்காக டீச்சர் கேட்டிருந்ததால், பேச்சித்தாய் வீட்டிலிருந்து ஓலைப்பெட்டி நிறையச் சில்லுகளும் அடுப்புக்கரியும் கொண்டுவந்திருந்தாள்; ஆளுக்கொரு சில்லும் கரித்துண்டும் கொடுத்தாள். எழுதியதை எல்லோரும் ஒரு பானையில் போட்டார்கள். சுகிர்தம் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள்.

"அல்ஜீப்ரா! இன்னொரு அல்ஜீப்ரா! வெளக்கெண்ணெய்! ஐந்தருவிக் குரங்கு! இது யாருட்டி?"

"நாந்தான்" என்றாள் செண்பகவல்லி. "எம் புளியோதரைய அப்படியே பறிச்சிட்டுல்லா போச்சு!"

சிரிப்பு அடங்கும் முன் சுகிர்தம் அடுத்ததை எடுத்தாள். அவள் முகம் மாறியது.

"பேச்சித்தாய்னு போட்டிருக்கு டீச்சர்."

மிச்சமிருந்ததையும் பார்த்தார்கள். மனுஷர் பெயர் அது ஒன்றுதான்.

பேச்சித்தாய் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது. எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். அப்போதுதான் டீச்சர் எழுந்து அப்படிக் கேட்டாள்.

ஒருத்தியும் எழவில்லை.

"கூட உட்கார்ந்து படிக்கிறவளைப் போகச் சொல்ல எப்படி மனசு வந்தது? ஒத்துக்கிட்டாத்தான் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். எழுதினவ திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு வரணும்."

மணி அடித்தது. மற்ற வகுப்புகள் சத்தத்தோடு கலைந்து போயின.

"பஸ் போயிரும் டீச்சர்" என்று பின் பெஞ்சில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள்.

"ஆளுக்கொரு தாள்ல பேச்சித்தாய்னு எழுதச் சொல்லுங்க டீச்சர்" என்றாள் சுகிர்தம். "எழுத்த ஒத்துப் பாத்தாத் தெரிஞ்சிரும்."

அவள் சில்லை எடுக்கக் கை நீட்டினாள். பேச்சித்தாய் முந்திக்கொண்டு அதை எடுத்து உள்ளங்கையில் மூடினாள்.

"ஒத்துப் பாக்க வேண்டாம். நாந்தான் எழுதுனேன்."

"ஒம் பேர நீயே எழுதுனியா? கிறுக்கு புடிச்சிருக்காட்டி ஒனக்கு?" என்றாள் சுகிர்தம்.

"வெளையாட்டுக்குத்தான."

"இவ வெளையாட்டுக்கு நாங்க பஸ்ஸ விடணுமாக்கும்! இனி எங்ககூடப் பேசாத, போ!"

டீச்சர் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"எல்லாரும் போகலாம்" என்பது மட்டும் வந்தது.

அறை காலியானது. பேச்சித்தாய் மற்றச் சில்லுகளை ஓலைப்பெட்டியில் அள்ளிப் போட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"டீச்சர், அப்பாவக் கட்டாயம் கூட்டிட்டு வரணுமா?"

"ஏன்?"

"வாய் பேசுதேன்னு போன மாசம் நீங்க சீட்டு எழுதிக் குடுத்து விட்டீங்கள்லா. இனி ஒரு பிராது வந்தாப் படிச்சது போதும், வீட்ல இருந்து பீடி சுத்துன்னு சொல்லிட்டாரு."

டீச்சர் மேசையில் சிந்தியிருந்த கரித்தூளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாம். கூட்டிக்கிட்டு வர வேண்டாம்."

பேச்சித்தாயின் முகம் மலர்ந்தது. மூடியிருந்த கையை விரித்து, அந்தச் சில்லிலிருந்த கரியெழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தாள்.

"அதை ஏன் இப்போ அழிக்கிறே?"

"சுகிர்தம் அவசரத்துல கவனிக்கல டீச்சர். இன்னொருக்கப் பாத்தான்னாக் கண்டுபிடிச்சிருவா. கரும்பலகையில நாங்க தெனமும் பாக்குத எழுத்துல்லா."