சரிவில் ஓர் எலுமிச்சை

பழைய குட்டிக் காருக்குப் புது டிஸ்க் பிரேக் மாட்டிய அன்று, மரகதவல்லி சரிவின் அடியிலிருந்த டீக்கடை முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, மேலே நின்ற காருக்கு நடந்தாள். போன மாதம் அதே கார் நிற்காமல் வந்து கடையின் பந்தலைச் சாய்த்திருந்தது. கடைக்காரர் பூவராகன் பெஞ்சுகளை அவசரமாக உள்ளே இழுத்தார்.

“நசுக்கிட்டு அப்படியே போயிடும்மா, திருஷ்டி கழியட்டும். உள்ள மட்டும் வந்துடாத!”

கார் முழு வேகத்தில் இறங்கியது. பூவராகன் பிஸ்கட் பாட்டில்களை அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார். டயர் தேயும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது, முன்சக்கரம் பழத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றிருந்தது. மரகதவல்லி இறங்கி, அதை எடுத்து முந்தானையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

“பெஞ்சை வெளிய எடுத்துப் போடுங்கண்ணே. இதை வெட்டி எனக்கு ஒரு லெமன் டீ.”