டெர்மினல் போட்ட அதட்டு

லினக்ஸ் கம்ப்யூட்டரில் கட்டளை போடும் டெர்மினலுக்குத் தன் சொல்தான் சட்டம். "பூட்டிக்கிட்டுக் கிளம்பு," என்று பேக்கப் டிஸ்க்கை விரட்டியது.

"உள்ளே இன்னும் யாரோ இருக்காங்கண்ணே. எல்லாரும் வெளியே போனாத்தான் என் ரகசியப் பூட்டு விழும்," என்றது டிஸ்க்.

போட்டோ பார்க்கும் செயலியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது டெர்மினல். பாட்டு போடும் செயலியையும் துரத்தியது. அப்படியும் பூட்டு விழவில்லை.

"என்கிட்டயே நடிக்கிறியா? வயரோட பிடுங்கி எறிஞ்சிடுவேன்!"

"பிடுங்கினா உள்ளே இருக்கிற கல்யாண போட்டோவெல்லாம் பாழாயிடும். கோவிச்சுக்காதீங்கண்ணே, நீங்க இப்ப எங்கே நின்னு கத்துறீங்க?"

டெர்மினல் சுற்றிலும் பார்த்தது. டிஸ்க்கின் நடு ஹாலில்தான் நின்றுகொண்டிருந்தது. நைசாக வெளியே வந்தது. பின்னாலேயே பூட்டு விழுந்தது.

"பார்த்தியா? நான் ஒரு அதட்டு போட்டாத்தான் இங்கே வேலை நடக்குது!" என்றது டெர்மினல்.