பச்சை இலை முத்திரை

பிற்பகல் மூன்று மணி வெயில் கண்ணாடிக் கதவு வழியே நுழைந்து, சிதம்பரம் கீழ வீதியில் இருக்கும் அந்த இயற்கை அங்காடியின் தரையில் கிடக்கிறது. பொன்னி கைக்கு ஒன்றாக இரண்டு அரிசிப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு நிற்கிறாள். வாசலோர ஸ்டூலில் அவள் கணவன் சாமிக்கண்ணு, ஆஸ்பத்திரிப் பையை மடியில் வைத்தபடி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முதுகில் டேங்கைக் கட்டி ஊரார் வயல்களுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவன். இப்போது வயிற்றில் புற்றுநோய். மருந்தடிக்காத அரிசியாகக் கொடு என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி சொல்லியிருக்கிறாள். பொன்னி ஒரு பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறாள். அவன் சட்டைகளை அப்படித்தான் முகர்ந்து பார்த்துத் தனியாகத் துவைப்பாள்.

"மோந்து பாத்தா தெரியாதுக்கா." கடைக்காரப் பெண் பவானி கல்லாவிலிருந்து எழுந்து வருகிறாள். "இதுல பச்சை இலை போட்ட முத்திரை இருக்குல்ல, இது சோதிச்சுக் குடுக்கறது. அதுல இயற்கைன்னு சும்மா அச்சடிச்சிருக்காங்க. நெசமாவும் இருக்கலாம். நமக்கு எப்படித் தெரியும்?"

"நான் மருந்தடிக்காத வயலாப் பாத்து வாங்குடி," என்கிறான் சாமிக்கண்ணு, மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பவானி சிரித்துவிட்டு, உடனே பொட்டலங்களை நேராக அடுக்கத் தொடங்குகிறாள். பொன்னி சிரிக்கவில்லை. கட்டைவிரலால் அந்த இலையை மெல்லத் தேய்க்கிறாள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. அது அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்.

"இதைத் தின்னா, ஏற்கெனவே உள்ள போனது வெளிய வந்துடுமா பாப்பா?"