ஆவணியின் கடைசி முகூர்த்தம்

பத்திரம் பதிந்து மூன்று மாதமாகியும் தமயந்தியால் தன் வீட்டுக்குக் குடிபோக முடியவில்லை. விற்ற பூரணி காலி செய்யவில்லை. பூரணி வாங்கியிருந்த வீட்டில் இருந்தவரும் காலி செய்யவில்லை. அவர் போகவேண்டிய நாலாவது மாடிக்கு இன்னும் லிஃப்ட் வரவில்லை, அவர் மனைவிக்கோ கால் ஒடிந்திருந்தது. ஒரு லிஃப்ட்டுக்காக மூன்று குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. இந்த முகூர்த்தத்தை விட்டால் புரட்டாசி வந்துவிடும். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடத்தான் தமயந்தி போன் போட்டாள். அவள் வாயைத் திறப்பதற்குள், "நாளைத் தள்ளாதீங்க தமயந்தி, வந்து பாலைக் காய்ச்சிடுங்க. நாங்க போறப்ப போறோம்" என்றாள் பூரணி.

முகூர்த்தத்தன்று விடிகாலையில் கணவனோடு புதுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனபோது கதவு திறந்திருந்தது. பூரணி வீட்டார் யாரையும் காணோம். சமையலறை மேடையை ஒழித்துக் கழுவி, அடுப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. பால் பொங்கி வழிந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் பூரணியும் அவள் கணவரும், வெளியாட்கள் மாதிரி செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். பூரணி பட்டுப்புடவை கட்டியிருந்தாள். கையிலிருந்த தாம்பாளத்தில் பழமும் சர்க்கரையும்.

"உள்ளே வரலாமா?"

சேர்த்துவைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூடத் தமயந்திக்கு ஞாபகம் வரவில்லை. "வாங்கக்கா, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய், பூரணியின் நாற்காலியிலேயே அவளை உட்காரவைத்து முதல் டம்ளரை நீட்டினாள். நாலுபேரும் குடித்து முடித்தார்கள். டம்ளர்கள் காலியாகி வெகுநேரமாகியும், எழுந்து 'போய்ட்டு வரேன்' சொல்லவேண்டியது யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.