பதினோராவது பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தால் போதும் என்று மக்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெரும் பிழை. உடனே திருத்தப்பட வேண்டும். பொருத்தங்கள் மொத்தம் பதினொன்று.

பதினோராவது எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. கோல சிலாங்கூரில் லோரி டயர் கடை வைத்திருக்கும் சேதுவிடம் இருந்தது. மாப்பிள்ளையின் முதலாளி, ஊழியர் சேமநிதிக்குத் தன் பங்காக நூற்றுக்கு எவ்வளவு போடுகிறார்? அதுதான் பதினோராவது.

"சம்பளம் எவன் வேணும்னாலும் கொடுப்பான். பங்கு எவ்வளவு போடுறான்னு பாரு. அதுலதான் லா தெரியும், தொழிலாளிய மனுசனா நெனைக்கிறானா இல்லையான்னு," என்பார் சேது.

இந்தத் தராசில் மகள் ரூபினிக்கு வந்த மூன்று வரன்கள் ஏறி இறங்கிவிட்டன.

முதல் பையனுக்குச் செம்பனை ஆலையில் வேலை. முதலாளி பங்கு பதின்மூன்று விழுக்காடு.

"சட்டம் போடச் சொன்னதப் போடுறான். இதுல என்ன பெரும?"

சபாக்கிலிருந்து வந்தவனுக்குச் சம்பளம் ஐயாயிரம் வெள்ளிக்கு மேல். ஐயாயிரத்தைத் தாண்டினால் முதலாளி பன்னிரண்டு போட்டால் போதும் என்பது சட்டம்.

"சம்பளம் ஏறுனா பங்கு இறங்குது. இது ஏறுமுகமா, இறங்குமுகமா?"

மூன்றாமவன் கம்போங் குவாந்தானில் சொந்தப் படகில் சுற்றுப்பயணிகளுக்கு மின்மினி காட்டுகிறவன்.

"சொந்தத் தொழிலா? அப்போ பங்கு யாரு போடுவா, மின்மினிப்பூச்சியா?"

மனைவி அம்சவள்ளிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, பையன் குடிப்பானா, கோவக்காரனான்னு எல்லாம் கேக்க மாட்டீங்களா? அவளுக்கு இருபத்தொன்பது முடியப் போகுது."

"கேட்டா உண்மைய சொல்லிடுவானா? பங்கு பொய் சொல்லாது அம்சா. ஃபோன்லயே காட்டும்."

ஒவ்வொரு வரன் திரும்பிப் போன மறுநாளும் சேது ஒன்பது மணிவரை நிம்மதியாகத் தூங்கினார். ஏழரைக்கே ரூபினி கடையைத் திறந்திருப்பாள். கணக்கு, சரக்கு, கடன் வசூல், விலை குறைக்கச் சொல்லும் எஸ்டேட் கங்காணிகளான மண்டோர்களோடு மலாய் மொழியில் மல்லுக்கட்டு, எல்லாம் ஆறு வருடமாக அவள் பொறுப்பு.

நான்காவது வரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராவாங்கிலிருந்து வந்தது. பையன் திவாகரன், தரை ஓடு செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளன். கூட வந்தவர் அவன் அம்மா நல்லம்மாள்.

கேசரியைக் கொண்டுவந்து வைத்த ரூபினி உள்ளே போகவில்லை. கையில் ஃபோனோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சேது சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, ஒங்க கம்பெனி ஈபிஎஃப் எத்தன போடுது?"

"பதினஞ்சு, அங்கிள்."

கேசரியை நோக்கிப் போன சேதுவின் கை பாதியில் நின்றது.

"மேனேஜர்மாருக்குத்தானே?"

"இல்ல அங்கிள், எல்லாருக்கும். தரை கூட்டுறவங்களுக்கும் அதேதான்." திவாகரன் ஃபோனைத் திறந்து காட்டினான்.

"நஷ்டத்துல போற கம்பெனிதான் தம்பி இப்படி ஆச காட்டும்."

"ஆர்டர் நெறைய இருக்கு அங்கிள். ஆளுதான் பத்தல. அக்கவுன்ட்ஸ்ல மூணு மாசமா ஆள் தேடுறாங்க."

அம்சவள்ளி கணவனைப் பார்த்தாள். "போதுமா? இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

சேது விட்டத்தைப் பார்த்தார். பதினைந்தில் குறை கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

நல்லம்மாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நல்ல கேள்விண்ணே. எங்க காலத்துல யாரு இதெல்லாம் விசாரிச்சா? நானும் அதையே கேக்குறேன். பொண்ணுக்கு எத்தன போடுறாங்க?"

"பொண்ணுக்கா? யாரு?"

"அவ மொதலாளிதான்."

ரூபினி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று சேது நினைத்தார்.

"அவ நம்ம கடையிலதானே இருக்கா. வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு ஈபிஎஃப்? கேக்குறப்ப கல்லாவுல இருந்து டுயிட் எடுத்துக் கொடுக்குறேன். அந்தக் கடையே அவளோடதுதான்!"

"அப்படிங்களா? வர்ற வழியில போர்டப் பார்த்தேன். 'சேது அண்ட் சன்'னு இல்ல எழுதியிருக்கு?"

சன் மெல்பர்னில் இருந்தான். அவன் கடைசியாகத் தொட்ட டயர், சின்ன வயதில் மாமரத்தில் ஊஞ்சலாகத் தொங்கியது.

சேது கேசரியை முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

வந்தவர்களின் கார் தெருமுனை திரும்பியதும் சேது சொன்னார். "இந்த எடம் நமக்குச் சரிப்படாது. பையன் பரவால்ல. அந்தம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்."

"எனக்கும் இப்போ கல்யாணம் வேணாம்ப்பா," என்றாள் ரூபினி.

சேதுவின் முகம் மலர்ந்தது. "கேட்டுக்கிட்டியா அம்சா? இதுதான் என் பிள்ள!"

"அந்த வேலதான் வேணும். அவங்க இங்க இருக்கும்போதே ஃபோன்ல மனு போட்டுட்டேன்."

"எந்த வேல?"

"அக்கவுன்ட்ஸ்தான். பதினஞ்சு போடுறாங்க. தொழிலாளிய மனுசனா நெனைக்கிற கம்பெனி. அதுலதான் தெரியும்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க?"

சேது நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "அப்போ... அந்தப் பையன்?"

"ஆறு மாசம் அவரோட வேல செஞ்சு பார்த்துட்டுச் சொல்றேன்."

அம்சவள்ளி மகளின் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள்.

மறு மாதம் முதல் தேதியிலிருந்து 'சேது அண்ட் சன்' காலை பத்தரைக்குத் திறக்கிறது.