உப்புத்தாள்

“துருவை யாரும்மா தேய்க்கச் சொன்னது? நான் போன்ல...”

“பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால அழுக்குச் சேலையோடயா நிறுத்துவாங்க? நீங்க வர்றீங்கன்னுதான் தம்பி...”

“நான் பாக்க வந்ததே அந்தத் துருவுக்கு அடியில இருந்த சேஸிஸ் நம்பரைத்தாம்மா!”

நாச்சம்மை வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் நின்ற பழைய காரின் சேஸிஸ் வெள்ளிப் பெயிண்டில் பளபளத்தது. போட்டோவைப் பார்த்தே, இது அபூர்வமான வண்டி என்று அடித்துப் பிடித்து வந்த பழைய கார் வியாபாரி ஜெரால்டு, டார்ச் அடித்து, மண்டியிட்டு, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். துருவில் மெலிந்திருந்த நம்பர், அரத்துக்கும் உப்புத்தாளுக்கும் தாங்கவில்லை. அந்த இடம் வழவழவென்றிருந்தது.

“இனி இதை அந்த வண்டின்னு எவன் நம்புவான்? பழைய இரும்பு விலைதாம்மா போகும்.”

அவர் போய்விட்டார். வண்டியை விற்றுத்தான் புருஷனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக இருந்தாள். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போன மனிதர். கொட்டகையைப் பார்த்த ஜன்னலோரம்தான் அவருடைய கட்டில்.

அவள் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். வண்டி பளபளப்பதில் மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்து, அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

இப்போது அந்தக் கை போர்வைமேல் சும்மா கிடந்தது. நாச்சம்மை கட்டிலருகே போய் நின்றாள்.

“அன்னைக்கு வேண்டாம்னுதான் தட்டுனீங்களா?”